ஒன்றரை அடிச் சுவரும் வீட்டு வைஃபையும்

நாங்கள் இப்போது இருக்கும் வீடு பழையது. சுவரெல்லாம் ஒன்றரை அடி கனம், செங்கல்லும் கல்லும் கலந்து கட்டியது. சன்னல் திண்டில் ஒரு ஆள் தாராளமாகக் காலை மடக்கி உட்காரலாம். தெருவில் என்ன சத்தம் கேட்டாலும் உள்ளே வராது. அந்த அமைதிக்காகத்தான் இந்த வீட்டைப் பிடித்தோம். குடிவந்த முதல் வாரத்திலேயே, அந்தச் சுவர்கள் வைஃபையையும் உள்ளே விடாது என்று தெரிந்துவிட்டது.

இணையம் வரும் இடம் முன்னறை. ரௌட்டரும் அங்கேதான். அம்மாவின் அறை வீட்டின் கடைசியில், நடுவில் இரண்டு சுவர். தினமும் மாலை என் தங்கையோடு வீடியோவில் பேசுவது அம்மாவுக்கு வழக்கம். படம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாக வரும். "கேக்குதா, கேக்குதா" என்பதே பாதிப் பேச்சாக இருக்கும். ஒரு நாள் பார்த்தால் நடைவழியில் ஒரு நாற்காலி. "இங்க உக்காந்தா நல்லா வருதுப்பா" என்றார். வயதான காலத்தில் தன் கட்டிலையும் விளக்கையும் விட்டுவிட்டு, ஆட்கள் போய்வரும் வழியில் உட்கார்ந்து மகளோடு பேச வேண்டியிருக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

இதைச் சரிசெய்ய நாலு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் சுவரை எப்படியாவது தாண்டிவிடலாம் என்று முயன்றதில் போனது. கடைசி ஒரு மாதத்தில், தாண்டுவதை விட்டுவிட்டுச் சுவருக்குள்ளேயே ஒரு கம்பியைக் கொண்டுபோனேன், வேலை முடிந்தது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். எட்டு ஆன்டெனா நிற்கும் பெரிய ரௌட்டர் ஒன்று வாங்கினேன். அம்மாவின் போனில் சிக்னல் கோடுகள் கூடின. பேச்சு மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. வைஃபை என்பது இரண்டு பேர் பேசுவது. ரௌட்டர் உரக்கப் பேசினால் போனுக்குக் கேட்கும். போன் திருப்பிச் சொல்வது ரௌட்டருக்குக் கேட்க வேண்டுமே? போனுக்குள் இருப்பது சின்ன ஆன்டெனா, பேட்டரியை மிச்சம் பிடிக்கும் சின்ன சக்தி. திரையில் தெரியும் கோடுகள் ஒரு பக்கத்துச் செய்தியை மட்டும்தான் சொல்கின்றன. பெரிய ஆன்டெனாவால் ரௌட்டரின் கேட்கும் திறனும் கொஞ்சம் கூடும் என்பது உண்மை. அந்தக் கொஞ்சம் எங்கள் சுவருக்குப் போதவில்லை. ரௌட்டர் எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பதற்கு ஏறக்குறைய எல்லா நாட்டிலும் சட்ட வரம்பு இருக்கிறது. ஆகவே பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குரலை ஓர் அளவுக்கு மேல் உயர்த்த முடியாது.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கத் தொடங்கினேன். உண்மையில் அங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். போனிலோ மடிக்கணினியிலோ வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சிக்னலை அது டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடுகிறது என்று பொருள். ரௌட்டர் பக்கத்தில் நின்றால் மைனஸ் 30, 40 என்று இருக்கும். வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் நடக்க மைனஸ் 67க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மைனஸ் 80க்குக் கீழே போனால் பெயருக்குத்தான் இணைப்பு. எண் ஒன்று மாறினால் அது ஒரு டெசிபல். இந்த அளவில் ஒரு சூட்சுமம் உண்டு: 3 டெசிபல் குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒன்றாகிறது, 20 குறைந்தால் நூறில் ஒன்று.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் நின்று எண்ணைக் குறித்தேன். வைஃபை பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 கிகாஹெர்ட்ஸில் முன்னறையில் மைனஸ் 48. ஒரு சுவர் தாண்டியதும் மைனஸ் 69. அம்மாவின் அறையில் மைனஸ் 88, சில மூலைகளில் பெயரே தெரியவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதே அறையில் மைனஸ் 79. அதாவது, எங்கள் வீட்டில் ஒவ்வொரு சுவரும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை ஏறக்குறைய நூறில் ஒரு பங்காக்கிவிடுகிறது. இரண்டு சுவருக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைத் தாளில் பார்த்த பிறகு, இன்னும் பெரிய ரௌட்டர் வாங்கும் எண்ணம் அறவே போய்விட்டது. சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபல். சுவர் தின்பது 20.

சுவர் ஏன் இவ்வளவு தின்கிறது? செங்கல், கல், கான்கிரீட் எல்லாம் ரேடியோ அலையின் சக்தியில் ஒரு பங்கை உறிஞ்சிச் சூடாக மாற்றிவிடும். கனம் கூடக்கூட இழப்பும் கூடும். ஈரம் சேர்ந்தால் இன்னும் மோசம், தண்ணீர் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். கழிவறைச் சுவர் ஈரம் கோத்திருந்த பக்கம் எங்கள் வீட்டில் எண் எப்போதுமே இரண்டு மூன்று குறைவாகத்தான் இருந்தது. மீன் தொட்டிக்கும் இதே கதைதான். உலோகம் உறிஞ்சாது, திருப்பி அடித்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, பூச்சுக்கு அடியில் அடித்த இரும்பு வலை, இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு, வெப்பம் தடுக்க உலோகப் படலம் பூசிய சன்னல் கண்ணாடி, எல்லாம் இந்த வகை. வலையின் கண் சின்னதாக இருந்தால் அலை அதன் வழியே நுழைய முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு.

சாய்வாகப் போகும் அலைக்குச் சுவரின் கனம் கூடிவிடும் என்பதையும் நான் யோசித்ததில்லை. ஒன்றரை அடிச் சுவரை நேராகத் துளைத்தால் 18 அங்குலம். 45 டிகிரி சாய்வில் போனால் 25 அங்குலம். இன்னும் சாய்ந்து 60 டிகிரி ஆகிவிட்டால் மூன்று அடி! எங்கள் ரௌட்டர் முன்னறையின் ஒரு மூலையில் இருந்தது. அம்மாவின் அறை எதிர் மூலை. அலை இரண்டு சுவரையும் குறுக்காகத்தான் வெட்டிக்கொண்டு போனது. ரௌட்டரை ஆறடி தள்ளி, வாசல்கள் ஒன்றுக்கொன்று நேராகத் தெரியும் இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினேன். மரக் கதவை அலை சுலபமாகத் தாண்டும். அம்மா அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் எண் மைனஸ் 79லிருந்து 71க்கு ஏறியது. 8 டெசிபல் என்றால் ஆறு மடங்கு சக்தி, ஒரு பைசா செலவில்லாமல். வேறு எதுவும் செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் தொந்தரவு என்றால் இதோடு பிரச்சினை தீர்ந்துவிடவும் கூடும். ஆன்டெனாவை நிமிர்த்தி நிறுத்துங்கள். அதன் பக்கவாட்டில்தான் அலை அதிகம் பரவும், நுனி காட்டும் திசையில் குறைவு.

எங்களுக்கு அது போதவில்லை. அழைப்பு ஓரளவு தேறியது, கதவைச் சாத்தினால் மறுபடியும் தடுமாற்றம்.

அடுத்து ரிப்பீட்டர். சுவர் செருகியில் மாட்டும் சின்னப் பெட்டி. அதை நேராக அம்மாவின் அறையிலேயே கொண்டுபோய் மாட்டினேன். பலரும் செய்யும் தவறு இது. ரிப்பீட்டர் தனக்கு வருவதைத்தான் திருப்பிச் சொல்ல முடியும். அதற்கு வருவதே நைந்து போன சிக்னல் என்றால், அறை முழுக்க வலுவாகக் கிடைப்பதும் அந்த நைந்து போன இணையம்தான். அம்மாவின் போனில் கோடுகள் முழுதாக நின்றன, வேகம் 4 எம்பிபிஎஸ். பாதி வழியில், நடு அறையில் வைத்தபோது கொஞ்சம் மேம்பட்டது. ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும் வகை என்பதால் ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும். வேகம் பாதிக்குப் பாதி அங்கேயே போய்விடும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் என்று விற்கிறார்களே, அந்தப் பெட்டிகளும், கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசும்போது, இதே சுவரைத்தான் தாண்ட வேண்டும். அவற்றில் நல்லவை தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ வைத்திருக்கும், அது ரிப்பீட்டரைவிடப் பல மடங்கு மேல். மெல்லிய தடுப்புச் சுவர் உள்ள வீட்டுக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். ஒன்றரை அடிச் சுவர் உள்ள வீட்டில், பெட்டிகளுக்கு இடையே கம்பி இல்லாவிட்டால் அந்தப் பணத்தின் பலன் பாதிதான்.

கம்பி என்றதும் எல்லோருக்கும் துளை போடும் பயம் வருகிறது. எனக்கும் வந்தது. அதனால் முதலில் துளை போடவே இல்லை. நீளமான ஈதர்நெட் கேபிள் ஒன்றை இரவல் வாங்கி, கதவுகளைத் திறந்து வைத்து, தரையோரமாகவே இழுத்து, அம்மாவின் அறையில் பழைய ரௌட்டரைப் பொருத்தினேன். ஒரு வாரம் அப்படியே விட்டேன். காலில் தடுக்காமல் இருக்க அங்கங்கே ஒட்டுநாடா. அந்த ஒரு வாரமும் அம்மாவின் அழைப்பு ஒரு முறைகூட நிற்கவில்லை. பெட்டியை மேசையிலிருந்து அலமாரி மேல், அங்கிருந்து கதவு நிலைக்கு மேல் என்று மாற்றி மாற்றி வைத்து அளந்தேன். எந்த இடத்தில் வைத்தால் பின்வராந்தாவுக்கும் சேர்த்துக் கிடைக்கும் என்பது துளை போடும் முன்பே கையில் வந்துவிட்டது. இந்த ஒரு வாரச் சோதனையைத் தவறவிடாதீர்கள். சுவரில் போட்ட துளையை நகர்த்த முடியாது.

துளை போடுவது நினைத்ததைவிடச் சுலபம்தான். ஆனால் அவசரம் கூடாது. மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று முதலில் உறுதி செய்யுங்கள். சுவிட்சு, பிளக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலும் கீழும் தொடவே வேண்டாம். உலோகமும் மின்னோட்டமும் காட்டும் கருவியால் இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினேன். ஒரே பக்கமிருந்து முழுக்கத் துளைத்தால், அந்தப் பக்கம் வெளியே வரும்போது பூச்சு பெரிய சில்லாகப் பெயர்ந்து விழும். அளந்து, இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்தேன். வெளிச்சுவர் என்றால் துளை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே வராது. கேபிளும் துளைக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியதும் கிடைக்கிறது, பார்க்க அப்படியே இருக்கும். எளிதில் ஒடியும், மின்தடையும் அதிகம். கேட் 5இ வகையே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், வேகம் தரும். சுவருக்குள் ஒரு முறைதானே போடப்போகிறோம் என்று நான் கேட் 6 போட்டேன். மின்கம்பியோடு ஒட்டி நெடுக ஓட விடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

முனையில் பிளக்கை நானே கிரிம்ப் செய்தேன், அதாவது கம்பிகளை உள்ளே செருகி அழுத்திப் பொருத்தினேன். எட்டுக் கம்பி, நாலு ஜோடி, இரண்டு முனையிலும் ஒரே வரிசை. இணைப்பு வந்தது, ஆனால் வேகம் 94க்கு மேல் ஏறவே இல்லை. எங்கள் இணையமோ 200 எம்பிபிஎஸ். ரௌட்டர் அமைப்பில் இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், பழுப்பு நிறக் கம்பி ஒன்று பிளக்கின் உள் முனை வரை போய்த் தொடவில்லை. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடியே போதும். ஒரு ஜோடி அறுந்தால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். உங்கள் வேகமும் 94, 95 என்று ஆணி அடித்தது போல நின்றால் வேறு எங்கும் தேடாதீர்கள், முதலில் பிளக்கைப் பாருங்கள்.

கேபிளின் மறுமுனையில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, பழைய ரௌட்டரே போதும். அதை அக்சஸ் பாயின்டாக, அதாவது கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் பெட்டியாக, மாற்ற வேண்டும். அமைப்பில் அந்தப் பெயரிலேயே ஒரு தேர்வு இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை அது) நிறுத்தி, முதல் ரௌட்டரோடு மோதாத ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்து, கேபிளை லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) துளையில் செருகுங்கள். நான் முதலில் வேன் (WAN, வெளி இணையத்துக்கான) துளையில் செருகிவிட்டேன். இணையம் வந்தது, ஆனால் வீடு இரண்டு வலையமைப்பாகப் பிரிந்து, முன்னறையில் இருக்கும் கணினிக்கு அம்மா அறைப் பக்கம் இருக்கும் பிரிண்டர் தெரியாமல் போனது. தனியாக அக்சஸ் பாயின்ட் வாங்குவதானால், அதே ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும் வகையைப் பாருங்கள். கூரைக்கு அருகில், பிளக் இல்லாத இடத்திலும் மாட்டலாம். நடு அறைக்கு நான் அப்படி ஒன்றை வைத்தேன்.

இப்போது மூன்று அறையில் மூன்று பெட்டி. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு முறை. ஒவ்வொரு அலைவரிசைக்குள்ளும் சானல் என்ற உட்பிரிவுகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சானல்கள் 1, 6, 11 மூன்றுதான். ஆளுக்கு ஒன்று கொடுத்தேன், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அங்கே சில சானல்கள் ரேடாருக்கும் பொதுவானவை. ரேடார் தென்பட்டால் பெட்டி உடனே அந்தச் சானலை விட்டு விலகியாக வேண்டும், அப்போது இணைப்பு சற்று அறும். அதனால் அவற்றை முடிந்தவரை தவிர்த்தேன்.

இங்கேதான் அந்தக் கனத்த சுவர் எனக்குப் பிடித்துப்போனது. ஓர் அறையின் 5 கிகாஹெர்ட்ஸ் இன்னொரு அறைக்கு நைந்துதான் போகிறது என்பதால் மூன்றும் ஒன்றையொன்று அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. அக்கம்பக்கத்து வைஃபையும் உள்ளே வருவதில்லை. செயலியைத் திறந்தால் எங்கள் பெயர் மட்டும்தான் நிற்கிறது. மெல்லிய சுவர் வீடுகளில் பத்துப் பதினைந்து பெயர்கள் ஒரே சானலில் நெருக்கிக்கொண்டிருக்கும். இவ்வளவு சுத்தமான காற்று அங்கே கிடைக்காது. 5 கிகாஹெர்ட்ஸில் சானல் அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸுக்குத் திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாலும் அம்மாவின் அறையில் இப்போது மைனஸ் 45, இணையத்தின் 200 எம்பிபிஎஸ்ஸும் அப்படியே கிடைக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. முன்னறையிலிருந்து பேசிக்கொண்டே அம்மா தன் அறைக்குப் போனால், போன் பழைய பெட்டியையே பிடித்துத் தொங்கும். எந்தப் பெட்டியோடு இணைவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, பெட்டி அல்ல. பழைய சிக்னல் நன்றாகக் குறைந்தால் தவிர அது விடுவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும் என்பதால் அந்த இழுபறி. மூன்று பெட்டியிலும் 2.4இன் சக்தியைக் குறைந்த அளவுக்கு இறக்கினேன். சிக்னலைக் கூட்டத் தொடங்கிய வேலை குறைப்பதில் வந்து நின்றது! போன் இப்போது வாசற்படி தாண்டியதும் மாறிக்கொள்கிறது. மாறுவதற்கு உதவும் 802.11கே, வி, ஆர் என்ற வசதிகள் உங்கள் பெட்டியில் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஆர் மட்டும் சில பழைய கருவிகளுக்கு ஒத்துவராது, அவை இணையவே மறுக்கலாம். அப்படி நடந்தால் அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

வாடகை வீடு, துளை போட முடியாது என்பவர்கள் மூன்று வழிகளைப் பார்க்கலாம். பழைய டிவி கேபிள் அறைக்கு அறை ஓடியிருந்தால் மோகா என்ற வகைப் பெட்டிகள் அதையே ஈதர்நெட்போலப் பயன்படுத்தும். நல்ல வேகம், எனக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பேன். கதவு இடுக்கில் போகும் தட்டையான ஈதர்நெட் கேபிள் இன்னொன்று. மூன்றாவது, மின்கம்பி வழியே இணையம் அனுப்பும் பவர்லைன் பெட்டி. அது வீட்டு வயரிங்கைப் பொறுத்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகினால்தான் உருப்படியாக ஓடும். வாங்கும் முன், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா நடைவழி நாற்காலியை எடுத்துப்போய் எத்தனையோ நாளாயிற்று. அப்புறம் ஒன்று: ஒவ்வொரு துளையிலும் இரண்டு கேபிள் சேர்த்தே இழுத்திருக்கிறேன், துளை பதினாறு மில்லிமீட்டர். ஒன்று பழுதானால் சுவரை மறுபடி தொட வேண்டாம். அம்மா அறையில் சும்மா கிடக்கும் அந்த இரண்டாவது முனையை அடுத்த வாரம் மாடிக்கு ஏற்ற வேண்டும். தங்கை வந்தால் தங்கும் அறை அங்கேதான் இருக்கிறது.